ஓட்டிப் பார்த்தல்

உரிமம் கைக்கு வந்து நான்கு மாதம்.
பயிற்சிப் பள்ளி வண்டியில்
இன்னொரு பிரேக் வாத்தியார் காலடியில் இருந்தது.
மன்னார்குடி பைபாஸில் ஜெகபர் சாதிக்
நிறுத்தி வைத்திருக்கும் பதினோரு வண்டியில்
ஒன்றிலும் அது இல்லை.

"என்ன மாதிரி வேணும் மேடம்?"
சட்டென்று கிளம்பணும். கொஞ்சமாகக் குடிக்கணும்.
"மாப்பிள்ளை கேக்கிற மாதிரி கேக்கிறீங்க."

கால்நடை ஆய்வாளர் நான்.
மாடு கத்தத் தொடங்கினால் அரை நாள்,
மிஞ்சினால் இன்னும் சில மணி.
அதற்குள் சினை ஊசி போய்ச் சேர வேண்டும்.
பெட்ரோல் என் சம்பளத்தில்.
இப்போதைக்கு ஸ்கூட்டி, காலிடுக்கில் நைட்ரஜன் கேன்,
வெண்ணாற்றங்கரைப் பள்ளம் ஒவ்வொன்றுக்கும்
ஒரு கை அதன் கழுத்தில்.

முதலில் காட்டியது சிவப்பு டீசல்.
துடைத்த துடைப்பில் என் பல் தெரிந்தது.
மீட்டர் அறுபத்தோராயிரம் என்றது,
கிளட்ச் ரப்பர் வழவழவென்று வேறு கணக்குச் சொன்னது.
சீட் பெல்ட்டை இழுத்தேன், கடைசி முழம் வரை.
அங்கே சாம்பல் நிறத்தில் ஒரு கோடு.
"காபி சிந்தியிருக்கும்."
காபி விரலில் நறநறக்காது.
எங்கள் வண்டலும் இல்லை இது.
எங்களுடையது மாவாகக் கரையும்,
நடவு நாளில் செருப்பைக் கழற்றி வைத்துக்கொண்டு
திருப்பித் தராது.
இது வேறு ஊர் வெள்ளம்.
எத்தனை நாள் மூழ்கிக் கிடந்தது என்பதை
பெல்ட் மட்டும் சுருட்டி வைத்திருந்தது.
சாதிக் கதவைச் சாத்தினார், கொஞ்சம் மெதுவாக.

அடுத்து வெள்ளை ஆல்டோ.
உரக்கடைக்காரருடையது.
யூரியா பட்ட இரும்பு நிலைக்காது,
மிதியடியைத் தூக்கினேன்:
ரூபாய்க் காசு அளவுக்குத் துரு.
எட்டாயிரம் குறைக்கச் சொன்னேன்.
"முதல்ல ஓட்டிப் பாருங்க."

முதல் கியரில் குதித்தது.
இரண்டாவதில் மன்னித்தது.
நெல் லாரியின் பின்னால்
தவிட்டுத் தூசி தின்றுகொண்டே போனவள்
மூன்றாவதில் காலை அழுத்தினேன்.
லாரி பக்கவாட்டில் பின்னோக்கி நகர்ந்தது.
அவ்வளவுதான்.
சாதிக் மேல் கைப்பிடியைப் பிடித்திருந்தார்.
அடுத்த வளைவில் பாதிச் சாலைக்கு நெல் காய்ந்தது.
இருபதில் ஊர்ந்தோம், நான்காம் கியரில் திணறி.
"இறக்குங்க மேடம், கியரை."
இறக்கினேன்.

ஓரம் கட்டச் சொல்லிக் கூப்பிட்டது போன்.
நீடாமங்கலத்துக்கு அப்பால், மங்கையர்க்கரசி வீட்டுக் கலப்பினம்.
"விடியலேருந்து கத்துதுங்க,
கண்ணாடி மாதிரி ஒழுகுது."
மணி மூன்று.
கடைக்குத் திரும்பி கேனை எடுத்தோம்.
சாதிக் மடியில் வைத்துக்கொண்டார்.
"வெடிக்குமா?"
சாயாமப் பிடிங்க.

கேட் மூடியிருந்தது.
அங்கே எல்லாருக்கும் ஒரே வேகம்:
தஞ்சாவூர் பஸ், வைக்கோல் டிராக்டர், நாங்கள்.
எஞ்சினை அணைத்தேன், பெட்ரோலாவது மிஞ்சட்டும்.
சரக்கு ரயிலை எண்ணத் தொடங்கி
முப்பத்தெட்டாவது பெட்டியில் விட்டுவிட்டு
விலை பேசினேன்.
மடியில் அந்தக் குளிரை வைத்துக்கொண்டு
ஒரு மனிதர் ரொம்ப நேரம் பேரம் பேச மாட்டார்.
கேட்டது எட்டு, குறைந்தது பதினொன்று.

கேட் எழுந்தது. பின்னால் ஊரே ஹாரன்.
அவசரத்தில் கிளட்சை விட்டேன்.
தண்டவாளத்துக்கு இரண்டடி முன்னால்
செத்து நின்றது.
தப்பு என்னுடையது.
சாவியைத் திருப்பினேன்.
ஒரே திருப்பு.

மாடு இன்னும் கத்திக்கொண்டிருந்தது.
முடித்துக் கையுறையைக் கழற்றும்போது
"முள்ளு ஒரு கோடு கூட இறங்கல" என்றார் சாதிக்,
விற்பவரின் குரல் திரும்பியிருந்தது.

சினை நின்றதா என்று
இருபத்தோரு நாளில் ஓரளவு தெரியும்.
வண்டி எப்போது சொல்லும் என்று தெரியவில்லை.
முன்பணம் ஐயாயிரம் நீட்டினேன்.
என் கையைப் பார்த்தார்,
எண்ணாமல் வாங்கிக்கொண்டார்.